ரசத்தக்கா எழுதாத முடிவு

ஜனவரி 19, திங்கள்

நாளைக் காலை பத்து மணிக்குப் பெயர் மாறுகிறது. பதினான்கு வருடமாக ‘ஈயப்பற்று’ என்று இருந்த எங்கள் தளம் நாளை முதல் ‘ஃபிக்ஸில்லோ’. போர்டில் பாகங்களை ஒட்டவைக்கும் ஈயத்தின் பெயர் அது. போன், லேப்டாப் ரிப்பேர் செய்கிறவர்கள் தமிழில் கேட்டுத் தமிழில் பதில் வாங்கும் இடம் இது. ஒன்பதாயிரம் பேர் இருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் நாளைக்குத்தான் தெரியும். முதலாளி பொன்னுரங்கம் சார் திருப்பூர் அலுவலகத்தில் கேக் சொல்லியிருக்கிறாராம். ஈரோட்டில் வீட்டிலிருந்தே தளத்தின் கேள்வி பதிலை மேற்பார்க்கிற எனக்குக் கேக் கிடையாது, திட்டு மட்டும் நேராக வந்து சேரும்.

மகள் கயலின் ரவிக்கையை டெய்லரிடம் வாங்கினேன். கை இறுக்கம். திரும்பக் கொடுக்க வேண்டும். பிப்ரவரி எட்டு, ஞாயிறு, மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்துக்கு உறுதி வார்த்தை பேச வருகிறார்கள். செப்டம்பரில் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். அது இப்போது எதற்கு. இட்லிக்கு ஊறப்போட்டாயிற்று.

ஜனவரி 20, செவ்வாய்

பத்து மணிக்கு மாறியது. பத்து நாலுக்கு முதல் ஆள் வந்துவிட்டார், கரூரிலிருந்து. “இருமல் மருந்துப் பேரு மாதிரி இருக்குதுங்க. தினம் மூணு வேளைங்களா, ரெண்டு வேளைங்களா?” சிரித்துவிட்டேன். சிரித்த கையோடு அலுவலகம் கொடுத்த வாசகத்தை ஒட்டினேன்: ‘உங்கள் உணர்வுகளை மதிக்கிறோம்.’ மதியத்துக்குள் அதை அறுபத்தொரு தடவை ஒட்டியாயிற்று.

அதற்குமேல் சிரிப்பு இல்லை. “எங்க பதிலை வச்சுத்தானய்யா இந்தத் தளம் ஓடுது? எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்று மதுரைக்காரர் ஒருவர் எழுதினார். அதன் கீழே நானூறு பேர் அதையே எழுதினார்கள். கடை போர்டில் தன் பெயருக்குக் கீழே ‘ஈயப்பற்று உறுப்பினர்’ என்று பெயின்ட் அடித்து வைத்திருக்கிறவர்கள் அதைப் படம் எடுத்து வரிசையாகப் போட்டார்கள். கோபம் வரத்தான் செய்யும்.

சாயங்காலம் ஒருவர், “ரசத்தக்கா, ஒங்களுக்காவது முன்னாடியே தெரியுமா?” என்று கேட்டார். அதற்கும் அதே வாசகத்தை ஒட்டினேன்.

ஜனவரி 21, புதன்

திட்டி எழுதியவர்கள் எண்ணூறு தாண்டியது. துணி துவைக்கவில்லை. மூன்று பேரைத் தடை செய்யச் சொன்னார்கள். ஒருவரை மட்டும் செய்தேன், அவர் என் அம்மாவை இழுத்ததால்.

ஜனவரி 22, வியாழன்

எல்லாரும் என்னை ரசத்தக்கா என்பதற்குக் காரணம் பதினோரு வருடம் பழையது. வீட்டுக்காரர் மஸ்கட்டுக்கு விமானம் ஏறும்போது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் போன் கடையை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். எனக்கு ஈயம் உருக்கும் கம்பியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது. முதல் வாரமே ஒருவர் ரசத்தில் விழுந்த போனைக் கொண்டுவந்தார். ஈயப்பற்றில் அழாத குறையாகக் கேட்டேன். பத்து நிமிடத்தில் கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து மயில்சாமி என்பவர் எழுதினார். இன்றைக்கு அதைப் போய்ப் படித்தேன். எதற்கென்று தெரியவில்லை, இங்கே எடுத்து எழுதிவைக்கிறேன்:

“பயப்படாதீங்க அம்மிணி. மொதல்ல பேட்டரியக் கழட்டுங்க. அரிசிக்குள்ள பொதைக்காதீங்க, அது சோறாக்கத்தான் லாயக்கு. போர்டைத் தனியா எடுத்து ஸ்பிரிட்டுல நனைச்சுப் பழைய பல் பிரஷ்ஷுல தேயுங்க. புளி போற வரைக்கும் தேய்க்கோணும். ஒரு நாள் காயட்டும். கெட்டுப்போயிருமோன்னு யோசிக்காதீங்க, அதுல இதுக்கு மேல கெட ஒண்ணுமில்லைங்க.”

கீழே என்னுடைய முடிவு இருக்கிறது: “அண்ணா சொன்னபடி செய்தேன். போனுக்கு உயிர் வந்தது. ரொம்ப நன்றிங்க அண்ணா.”

முடிவு எழுதுவது எங்கள் தளத்தின் சட்டம். ஒரு கேள்வியும் அதன் கீழ் வரும் பதில்களும் சேர்ந்தது ஒரு திரி. கேள்வி கேட்டவர் பதிலை வாங்கிக்கொண்டு ஓடக்கூடாது. கோளாறு என்ன, செய்தது என்ன, ஆனது என்ன என்று மூன்று வரி எழுதியாக வேண்டும். எழுதாதவர் அடுத்த கேள்வி கேட்க முடியாது. கடையை விட்டுவிட்டு இந்தத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தபின் நான் இதில் ரொம்பக் கறார். ‘சரியாயிருச்சு’ என்று மொட்டையாக எழுதினால், ‘கோளாறு எது என்று எழுதவில்லை’ என்று திருப்பி அனுப்புவேன். இப்படித் திருப்பி அனுப்பியே பாதிப் பேருக்கு என்னைப் பிடிக்காது, மீதிப் பேர் அக்கா என்பார்கள்.

ஜனவரி 23, வெள்ளி

சார் இன்று அறிக்கை விட்டார். ‘பெயர் மாற்றம் பற்றி உறுப்பினர்களிடம் முன்கூட்டியே கருத்துக் கேட்டோம். பெரிய எதிர்ப்பு எதுவும் வரவில்லை.’ அக்டோபரில் நான் அனுப்பிய அறிக்கையிலிருந்த வாக்கியம், எழுத்து மாறாமல்.

அதில் பொய் இல்லை. வாக்கெடுப்பு வைத்தோம். அக்டோபர் ஒன்றும் இரண்டும் இருந்தது. பதினான்கு ஓட்டு விழுந்தது, ஒன்பது ஆதரவு. வேறு தேதி தோதுப்படவில்லை. முடிந்ததும் அலுவலகத்தார் மட்டும் பார்க்கிற பழைய பெட்டிக்குள் அந்தத் திரி போய்விட்டது. எல்லாத் திரியும் ஒருநாள் அங்கே போகும்.

“யாரைக் கேட்டாங்க? என்னைக் கேக்கலை. உன்னைக் கேட்டாங்களா?” என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். திண்டுக்கல்காரர் ஒருவர் எப்போதோ ஓர் ஓட்டுப்பெட்டி பார்த்த ஞாபகம் என்றார். கனவு கண்டிருப்பாய் என்று ஓட்டிவிட்டார்கள்.

ஜனவரி 24, சனி

ஒரு படத்தைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். ஐயாயிரம் பதில் எழுதியதற்காக நவம்பரில் மயில்சாமி அண்ணாவை அலுவலகத்துக்கு அழைத்துச் சால்வை போட்டு, போர்டிலிருந்து சில்லு கழற்றும் ஹாட் ஏர் மிஷின் ஒன்று பரிசு கொடுத்தார்கள். அவரும் சாரும் சேர்ந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். படத்தின் மேல் யாரோ எழுதியிருக்கிறார்: ‘சம்மதம் சொன்னவர் இவர். கூலி பெட்டிக்குள்.’

மாலைக்குள் ஆறாயிரம் பேர் பார்த்தார்கள். அண்ணா ஒன்றும் எழுதவில்லை. அந்தப் படத்தை நான் நீக்கலாமா என்று சாரைக் கேட்டேன். வேண்டாம் என்றார். ரவிக்கை சரியாகிவிட்டது.

ஜனவரி 26, திங்கள்

சார் போன் செய்தார். குரலில் ஆறு நாளாக இல்லாத தெம்பு.

“கூட்டத்துக்கு ஒரு ஆள் கெடைச்சுட்டாரு தமயந்தி. இனி நம்மள விட்டுருவாங்க. நீங்க எதுவும் பேசாதீங்க, ரெண்டு வாரத்துல அடங்கிரும்.”

“அவரு சம்மதம் சொல்லலையே சார்.”

“நானும் அப்படிச் சொல்லலையே. அவங்களா நெனைச்சுக்கிட்டா நாம என்ன பண்றது? உங்க ரிப்போர்ட்டுல எதிர்ப்பு இல்லைன்னுதான இருந்துச்சு?”

ஆமாம் சார் என்றேன். வேறென்ன சொல்வது.

ஜனவரி 27, செவ்வாய்

கோபி வட்டாரத்து டெக்னீஷியன்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அண்ணாவை எடுத்துவிட்டார்களாம். சத்தியமங்கலம், அந்தியூர்ப் பக்கத்துச் சின்னக் கடைக்காரர்கள் தங்களால் முடியாத போர்டுகளை அவருக்குத்தான் அனுப்புவார்கள். அதுதான் அவர் பிழைப்பு. இனி அனுப்பமாட்டோம் என்று ஆறு கடைக்காரர்கள் கடைப் பெயரோடு எழுதியிருக்கிறார்கள்.

வாய் பேசாமல் இருந்தால் அடங்கும் என்று எனக்கும் தோன்றுகிறது. தோன்றத்தான் வேண்டும்.

ஜனவரி 28, புதன்

கணக்கை நீக்கச் சொல்லி மயில்சாமி அண்ணாவின் வேண்டுகோள் வந்திருக்கிறது. காரணம் எழுதும் கட்டம் காலி. இதெல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஏழு நாளில் அவர் திரும்பப் பெறவில்லை என்றால் நான் பொத்தானை அமுக்கவேண்டும், அவர் எழுதிய ஐயாயிரத்துச் சொச்சம் பதிலும் போய்விடும். கடைசி நாள் பிப்ரவரி நாலு, மாலை ஐந்து மணி.

தட்டில் போட்ட சோற்றை அப்படியே மூடிவைத்தேன். கயல் என்னவென்று கேட்டாள். வெயில் என்றேன். ஜனவரியில் என்ன வெயில்.

ஜனவரி 30, வெள்ளி

கோபிக்குப் போய் வந்தேன். உறுதி வார்த்தைக்கு அழைக்கிற சாக்கு. கடையில் அண்ணா மட்டும் இருந்தார். எப்போதும் மேசை ஓரத்தில் வரிசையாக அடுக்கியிருக்கும், வெளியூர்ப் போர்டுகள் வந்த கவர்கள் இன்று இரண்டே இரண்டு. பரிசுப் பெட்டி அலமாரி மேல் ஒட்டிய டேப் கூடப் பிரிக்காமல் இருந்தது.

“வாங்க அம்மிணி. பஸ்சுலயா வந்தீங்க? உக்காருங்க, டீ சொல்றேன்.”

“ஏனுங்ணா, நீங்க ஒரு வார்த்தை மறுத்து எழுதலாமில்லீங்க?”

“என்னன்னுங்க எழுதறது?”

“நீங்க சம்மதம் சொல்லலைன்னு.”

“அப்பறம் யாரு சொன்னாங்கன்னு கேப்பாங்கல்லங்க.”

டீ வந்தது. அவர் தன் தம்ளரைத் தொடவில்லை. கையில் இருந்த போர்டைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

“போன ஆயுத பூசைக்கு எங்கூட்டுல கும்பிடலைங்க. அம்மா தவறி மூணு மாசந்தான் ஆயிருந்துச்சு, அந்த வருசம் பண்டிகை கெடையாது. இந்த வீதியே ஸ்க்ரூ டிரைவருக்கெல்லாம் பொட்டு வச்சு, கம்ப்யூட்டருக்கு மாலை போட்டு, ஷட்டரைச் சாத்திட்டுப் போயிருச்சுங்க. நான் மட்டும் இங்க உக்காந்து தளத்தைப் பாத்துட்டு இருந்தேன்.”

நான் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“டீ ஆறுதுங்க அம்மிணி, குடிங்க.”

குடித்தேன். தாம்பாளத்தை நீட்டி ஞாயிறு எட்டாம் தேதிக்கு அழைத்தேன். வருகிறேன் என்று சொல்லவில்லை, “நல்லபடியா நடக்கட்டுங்க” என்றார். திரும்பும் பேருந்தில் ஜன்னல் சீட்டுக் கிடைத்தும் ஓர் ஊரையும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

என் நோட்டில் நானே பூசி மெழுகி என்ன ஆகப்போகிறது. எழுதிவிடுகிறேன்.

அக்டோபர் ஒன்று ஆயுத பூஜை, இரண்டு விஜயதசமி. ரிப்பேர்க் கடைக்காரர்கள் அந்த இரண்டு நாளும் எதையும் தொடமாட்டார்கள். ஆயுதமெல்லாம் சாமி முன்னால் இருக்கும், கடைக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் வைத்து அணைத்துவிடுவார்கள். கடை வைத்திருந்தவள் எனக்கு இது தெரியாதா? சார் ஒரு வாரம் வாக்கெடுப்பு வைக்கச் சொன்னார். காலண்டரைப் பார்த்து அந்த இரண்டு நாளைத் தேர்ந்தெடுத்தவள் நான். பதினான்கு ஓட்டில் ஆதரவாக விழுந்த ஒன்பதும் எங்கள் அலுவலகத்தார் போட்டது.

முதல் நாள் காலை பதினொரு மணிக்கு அங்கே ஒரே ஒரு கருத்து வந்தது. “அம்மிணி, இன்னைக்கும் நாளைக்கும் யாரும் தளத்தைத் தொடமாட்டாங்க. நாளைத் தள்ளி வைங்க. எனக்கு இந்தப் பேரை மாத்தறதுல இஷ்டமில்லைங்க.” மயில்சாமி அண்ணாதான். படித்துப் பதினோரு நிமிடத்தில் மறைத்தேன். அவர் திரும்ப எழுதவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. இத்தனை நாள் வாங்கிக் கட்டிக்கொண்டும் சொல்லவில்லை.

பிப்ரவரி 2, திங்கள்

காலையில் பழைய பெட்டியிலிருந்து வாக்கெடுப்புத் திரியை எடுத்து எல்லாரும் பார்க்கும்படி முதல் பக்கத்தில் வைத்தேன். மறைத்த கருத்தையும் திறந்தேன். கீழே முடிவு எழுதினேன்.

‘கோளாறு: வாக்கெடுப்புத் தேதியில் என் கவனக்குறைவு. செய்தது: எதிர்ப்புத் தெரிவித்த மயில்சாமி அவர்களின் கருத்தை மறைத்து, எதிர்ப்பு இல்லை என்று அறிக்கை கொடுத்தேன். ஆனது: சம்மதமே சொல்லாத அவர் மேல் பழி விழுந்தது. மன்னிக்க வேண்டுகிறேன். தமயந்தி.’

கொட்டத் தொடங்கியது. “நீங்களாக்கா?” என்று கேட்டவர்கள்தான் அதிகம். அது திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆறு கடைக்காரர்களில் நாலு பேர் அண்ணாவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து அண்ணா வந்தார். “கோளாறு இதில்லைங்க அம்மிணி. கவனக்குறைவா இருந்தா என் கருத்தை எதுக்குங்க மறைக்கோணும்? நீங்க எங்க எல்லாத்துகிட்டயும் கேக்கறதுதான். கோளாறு எதுன்னு எழுதுங்க.”

சாயங்காலம் சார். “யாரைக் கேட்டு எழுதுனீங்க? நம்ம கம்பெனில பணம் போட்டவங்க பெங்களூர்லயிருந்து போன் மேல போன் பண்றாங்க. ஒம்பதாம் தேதி ஆபீஸ் வாங்க. லேப்டாப்பையும் எடுத்துட்டு வந்துருங்க.” லேப்டாப்பை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

நீக்கும் வேண்டுகோள் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 3, செவ்வாய்

கயல் எல்லாவற்றையும் படித்துவிட்டாள். சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

“செப்டம்பர்ல அந்தம்மா கேட்டாங்களே, அதுக்காகத்தானம்மா?”

நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். இல்லை என்றேன். பிறகு ஆமாம் என்றேன்.

எங்கே வேலை என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். ஈயப்பற்று என்றேன். “பாத்தரத்துக்கு ஈயம் பூசற கடைங்களா?” என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. கெட்ட எண்ணத்தில் கேட்டதல்ல. எனக்குத்தான் உச்சந்தலை வரை சுட்டது. “இல்லைங்க, கம்ப்யூட்டர் கம்பெனிங்க. அந்தப் பேரு மாறப்போகுதுங்க” என்று சொல்லிவிட்டேன். அப்போது அது முடிவாகவே இல்லை. சார் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். அடுத்த வாரம் வாக்கெடுப்புப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்.

“அந்தம்மா சிரிச்சப்ப எனக்கு ஒண்ணுமில்லைம்மா” என்றாள் கயல். “நீயும் கூடச் சேந்து சிரிச்சியே, அப்பத்தான் எனக்கு வெக்கமாப் போச்சு. அந்தத் தளத்தை வச்சுத்தான என்னைப் படிக்க வச்ச?”

வெங்காயத்தின் மேல் பழி போட்டு அழ வசதியாக இருந்தது.

மதியம் முடிவைத் திருத்தி எழுதினேன். ‘கோளாறு: வெட்கம். என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நம் தளத்தின் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டேன். உங்களைக் கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று தெரியும். அதனால் நீங்கள் இல்லாத நாளில் கேட்டேன்.’ அடுத்த இரண்டு வரியையும் அப்படியே விட்டேன். எழுதி முடித்ததும் அதை மாப்பிள்ளை வீட்டாரும் படிக்கலாம் என்பது உறைத்தது. படித்தால் படிக்கட்டும்.

போய்த் துணி துவைத்துவிட்டு வந்து பார்த்தேன். இருமல் மருந்து என்று கேலி செய்த அந்தக் கரூர்க்காரர் மட்டும், “ஏனுங்க்கா, எங்களையும் சேத்துத்தான வெக்கப்பட்டீங்க?” என்று கேட்டார். ஆமாம் என்று எழுதினேன். அதற்கு ஒட்ட வாசகம் இல்லை.

பிப்ரவரி 4, புதன்

காலையிலிருந்து வேண்டுகோள் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். மூன்று மணிக்கும் அப்படியே இருந்தது. நாலு மணிக்கும் இருந்தது. அண்ணாவுக்குப் போன் போடலாம் என்று எடுத்து வைத்துவிட்டேன். இதற்கு மேல் அவரிடம் கேட்க எனக்கு என்ன உரிமை.

நாலு நாற்பதுக்கு அது மாறியது. ‘உறுப்பினர் வேண்டுகோளைத் திரும்பப் பெற்றார்.’ சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். கயலைக் கூப்பிட வாயெடுத்தபோது அதன் கீழே இன்னொன்று வந்தது. கணக்கை நீக்க அல்ல. ஒரே ஒரு பதிலை நீக்க.

ரசத்தில் விழுந்த போனுக்கு அவர் எழுதிய பதில்.

இந்தத் தடவை காரணக் கட்டம் காலியாக இல்லை. “மத்ததெல்லாம் எல்லாருக்கும் எழுதுனதுங்க, இருக்கட்டும். இது ஒண்ணு மட்டும் ஒரு ஆளுக்காக எழுதுனது.”

ஒரு பதிலை நீக்க ஏழு நாள் தேவையில்லை. உடனே அமுக்கலாம். அமுக்கினேன். இப்போது அந்தத் திரியில் என் கேள்வி இருக்கிறது, அதன் கீழே நேராக என் முடிவு இருக்கிறது. அண்ணா சொன்னபடி செய்தேன் என்று. என்ன சொன்னார் என்று கேட்டால் அங்கே ஒன்றுமில்லை.

ஐந்தரை மணிக்கு வாக்கெடுப்புத் திரியில் அவர் எழுதினார்: “கோளாறு தெரிஞ்சுபோச்சு. முடிவு வந்தாச்சு. திரியை மூடிக்கலாமுங்க.” மற்றவர்களின் திரியை மூடும்போது நான் எழுதும் அதே வாசகம். மூடினேன். அதுதான் நான் மூடும் கடைசித் திரியாக இருக்கும்.

இந்த நோட்டில் ஜனவரி இருபத்திரண்டாம் தேதிப் பக்கத்தில் அந்தப் பதில் முழுதாக இருக்கிறது. அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். மனம் வரவில்லை. அதையும் அவர் கேட்டால் கிழித்துக் கொடுத்துவிடுவேன். ஆனால் அவர் கேட்கமாட்டார்.